தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் எட்டாவது குறளுக்கு எண் 948. மருத்துவன் நோய் இன்னதென்று முதலில் அறிய வேண்டும். பிறகு அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன்பின் தணிக்கும் வழியை அறிந்து, அதையும் பிழையாமல் செய்ய வேண்டும் என்று வரிசை வகுத்துக் கொடுக்கிற குறள் அது. சென்னையின் தெற்கு எல்லையில், வண்டலூருக்கு அருகே, 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் என்ஜின் கொள்ளளவும் 948 கன சென்டிமீட்டர். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. எண்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது உலகத்தில் இயல்புதான். எனினும் ஒரு பழைய ஹெரால்டை வீட்டுக் கொல்லையில் மீண்டும் கட்டி எழுப்பி, முதன்முறை சாலையில் ஓட்டிவிட்டு, கூடவே வந்த குறைகளோடு மூன்று மாதம் போராடிய எங்களுக்கு, அந்தத் தற்செயல் ஓர் அறிவுரையாகவே ஆகிவிட்டது.

நாங்கள் இருவர், அண்ணனும் தம்பியும். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார். இளையவர் கும்பகோணத்தில் லேத் பட்டறை நடத்துகிறார். எழுதுவது மூத்தவரின் கை என்றாலும் செய்தி இருவருக்கும் பொதுவானது என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

வண்டி 1970ஆம் ஆண்டினது. நான்கு கதவுகள் கொண்டது. அப்பா 1984இல் ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கினார். 1998இல் ஏதோ ஒரு கோளாறுக்காகக் கொட்டகையில் நிறுத்தப்பட்டது, பிறகு வெளியே வரவே இல்லை. அப்பா 2009இல் காலமான பின் எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் பலர். அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. எங்களுக்கு ஓரளவு வயதும் வசதியும் வந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளையும் மாலைகளையும் சேர்த்துச் சேர்த்து, இரண்டாண்டுக் காலத்தில் அதைப் பிரித்துக் கட்டினோம். என்ஜினும் பிரேக்கும் தம்பியின் பொறுப்பு. மின்கம்பிகள், இருக்கை, உடற்பகுதி, உதிரிப் பாகங்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கு அலைவது ஆகியன அண்ணனின் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினையைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் ‘ஹாட் ராட்’ என்றொரு மரபு உண்டு. 1930களில் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற தகடுகளையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்து, என்ஜினை முடுக்கி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட எட்டு சிலிண்டர் ‘வி8’ என்ஜின் அவர்களுக்குக் கிடைத்த வரம். 1937இல் அவர்களுக்கென ஒரு சங்கமும், 1948 ஜனவரியில் அந்தப் பெயரிலேயே ஓர் இதழும் தோன்றின. ஒரு வண்டியின் சட்டகம், மற்றொன்றின் என்ஜின், வேறொன்றின் அச்சு என்று சேர்த்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். நம் நாட்டில் அதற்கு இடம் குறைவு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை விருப்பம்போல் மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே இங்கே இந்த ஆசை கொண்டவர்கள் பெரும்பாலும் பழையதைப் பழையபடியே மீட்பவர்களாக இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். ஆனால் கலிஃபோர்னிய இளைஞனுக்கும் எங்களுக்கும் ஓர் உறவு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் குறைகளைப் பிறர் முன்பே தேடியிருப்பார்கள். வீட்டில் கட்டிய வண்டிக்குச் சாலைதான் சோதனைக்கூடம்.

வீட்டில் கட்டுவதற்கு ஹெரால்டைப் போல இசைவான வண்டி குறைவு. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக அது தோன்றியபோது, பிற நிறுவனங்கள் சட்டகமும் உடலும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. முழு உடலையும் செய்து தரும் ஆலையொன்று போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் பழைய முறைக்கே திரும்பிற்று. கீழே தனிச் சட்டகம். மேலே வெவ்வேறு இடங்களில் செய்த துண்டுகளைப் போல்ட்டால் இணைத்த உடல். வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. முன்மூடியும் இரு பக்க மட்காப்புகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை பார்க்கலாம். நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு, அறுபதாண்டு கழித்துக் கும்பகோணத்துக் கொல்லையில் இரண்டு பேருக்கு வசதியாக முடிந்தது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் முழு வண்டியையும் பாயில் பரப்பிவிடலாம்.

பதிவுப் புதுப்பிப்பு, காப்பீடு முதலிய தாள் வேலைகள் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு அதிகாலை புறப்பட்டோம். காவிரிக்கரைச் சாலையில் சுவாமிமலை வழியாகக் கபிஸ்தலம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். முதல் சில கிலோமீட்டர் இன்பமாகவே போயிற்று. சுவாமிமலையைக் கடந்ததும் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. ஒரு மாட்டுவண்டிக்காகப் பிரேக்கை மிதித்தபோது வண்டி இடப்பக்கம் இழுத்தது. உமையாள்புரம் அருகே என்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு நின்றுபோனது. தேநீர்க் கடையிலிருந்து நால்வர் வந்தார்கள். நால்வரும் ஒரே மருந்து சொன்னார்கள்: “பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி போடுங்க சார்.” போட்டோம். இருபது நிமிடம் கழித்து என்ஜின் உயிர்பெற்றது. கபிஸ்தலம் போகாமலே வீடு திரும்பினோம். வாசலில் நின்றிருந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல நான் குலதெய்வம் கோயிலுக்குப் போகலாமா?”

கோயில் கொள்ளிடக் கரையில், நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 76. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதுதான் அடுத்த மூன்று மாத வேலையாயிற்று. ஓடுமா என்பது வேறு கேள்வி, அம்மாவை ஏற்றலாமா என்பது வேறு கேள்வி என்பதை அன்றே உணர்ந்தோம்.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறைகளை எழுதினோம். பத்தொன்பது வந்தன. எழுதும்போதே ஓர் ஆபத்து தலைகாட்டியது. சூடேறுவது என்ஜின், ஆகவே தம்பியின் வேலை. விளக்கு மங்குவது மின்கம்பி, ஆகவே அண்ணனின் வேலை என்று ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. இருவர் சேர்ந்து கட்டிய பொருளில் இது தவிர்க்க முடியாதது போலும். வீடு கட்டியவர்கள், கூட்டாகக் கடை நடத்தியவர்கள் அனைவரும் அறிந்ததே. ‘யார்’ என்ற கேள்வி ‘ஏன்’ என்ற கேள்வியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யார் என்று தெரிந்தவுடன் காரணம் தெரிந்துவிட்டதாக ஒரு நிறைவும் வந்துவிடும். நோய் அப்படியே இருக்கும்.

948ஆம் குறள் இங்கேதான் எங்களுக்குக் கைகொடுத்தது. நோயை அதன் குறிகளால் துணிய வேண்டும் என்கிறார் பரிமேலழகர். குறி என்பது கண்டது. காரணம் என்பது ஆராய்ந்து அடைய வேண்டியது. நோட்டில் ஒரு நெடுங்கோடு கிழித்து, இடப்பக்கம் ‘கண்டது’ என்றும் வலப்பக்கம் ‘கருதியது’ என்றும் தலைப்பிட்டோம். ‘தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறது’ என்பது இடப்பக்கம் வரக்கூடாது. ‘ஒன்பதாவது கிலோமீட்டரில் முள் 100 பாகையைத் தொட்டது’ என்பதே வரலாம். ஏட்டுச் சுவடி பதிப்பிப்பவர்களின் ஒழுக்கமும் இதுதான். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் ஊரில் இருந்துகொண்டு, ஏட்டில் உள்ளதையும் பதிப்பாசிரியர் ஊகிப்பதையும் கலக்கலாகாது என்பதை நாங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மூத்தவர் வகுப்பில் சொல்வதைக் கொட்டகையில் கடைப்பிடித்தோம், அவ்வளவே.

சூட்டிலிருந்து தொடங்கினோம். என்ஜின் சூடேறுவதற்குக் காரணங்கள் பத்துக்குக் குறையாமல் உண்டு. ஆனால் எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் காரணங்கள் தாமே விலகிவிடும். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை. விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஏறி, நின்று உறுமும்போது மெல்ல இறங்கினால் நீரோட்டம் போதவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம். எங்கள் வண்டி இரண்டாவது வகை. எண்ணெயில் நீர் கலந்து பால்போல் ஆகவில்லை. ரேடியேட்டர் நீரில் குமிழி எழவில்லை. ஆகவே ஹெட் கேஸ்கட் பற்றிய அச்சம் தள்ளிப்போயிற்று. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் பாத்திரத்து நீரில் இட்டுச் சூடாக்கினோம். திறக்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காகத் திறந்தது. பிறகு என்ஜினைச் சற்றே சூடாக்கி அணைத்துவிட்டு ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தோம். மேலே சூடு, கீழே வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் குளிர்ச்சி. அந்தக் குழாய்களில் நீர் போகவில்லை என்று பொருள்.

ரேடியேட்டரோ கட்டும்போதே நன்றாகக் கழுவப்பட்டது. பிறகு அடைப்பு எங்கிருந்து வந்தது? என்ஜின் வார்ப்பின் உள்ளிருந்து. இருபத்தைந்தாண்டுத் துரு நீர்ச்சுவரின் அடியில் பாறைபோல் படிந்து அமைதியாக இருந்திருக்கிறது. கொல்லையில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டியபோது அது அசையவில்லை. முதல் நெடும்பயணத்தின் வெப்பத்தில் உதிர்ந்து, புது நீரோட்டத்தில் மிதந்து, சுத்தமான ரேடியேட்டரில் போய் அடைந்துவிட்டது. இதில் யார் பெயரை எழுதுவது? காலத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். என்ஜினின் வடிகால் திருகைக் கழற்றினால் நீர் வரவில்லை; கம்பி விட்டுக் குத்திய பிறகு காப்பிப் பொடி கரைத்தாற்போல் வழிந்தது. எதிர்த்திசையில் நீர் பாய்ச்சி மூன்று நாள் கழுவினோம். ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழாயையும் கம்பியால் துப்புரவு செய்து தரும் கடை ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது. மீண்டும் பூட்டும்போது மேல் ஹோஸின் வாயில் ஒரு நைலான் காலுறைத் துண்டைப் பைபோலக் கட்டினோம். பழைய மெக்கானிக்குகளின் உபாயம் அது. முதல் நூறு கிலோமீட்டரில் அந்தப் பையில் ஒரு தேக்கரண்டி துரு சேர்ந்தது. இரண்டாம் நூறில் ஒரு சிட்டிகை.

அடுத்தது, சூட்டில் நின்றுபோகும் நோய். இதில் ஈரத்துணி மருத்துவம் எங்களை நன்றாகவே ஏமாற்றப் பார்த்தது. பெட்ரோல் குழாயில் ஆவி சேர்ந்து ஓட்டம் தடைப்படுவது பழைய வண்டிகளில் உண்மையான நோய்தான். 2025 முதல் நாடெங்கும் விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கக்கூடியது என்பதும், அத்தகைய கலவை சூட்டில் ஆவியாவதற்கு இடங்கொடுப்பது என்பதும் படித்தவையே. அதனால் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கட்டும்போதே மாற்றியிருந்தோம். தேநீர்க் கடை நண்பர்கள் சொன்னது பொருத்தமற்றது அன்று. ஆனால் துணி போட்டதால் ஓடிற்றா, துணி போட்டுக் காத்திருந்த இருபது நிமிடத்தால் ஓடிற்றா? மருந்தும் காலமும் சேர்ந்தே செல்லும்போது குணமானதற்கு எதைப் புகழ்வது? ஊர்ப்புறத்து மருந்துகள் பலவற்றின் கீர்த்தி இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

விடை காண ஒரே வழி, நின்ற அந்த நொடியிலேயே பார்ப்பது. கொல்லையில் என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்துச் சூட்டை ஏற்றினோம். முள் மேலே வந்த சிறிது நேரத்தில் செருமி நின்றது. இளையவர் ஒரு பிளக்கைக் கழற்றி என்ஜின் உடலில் சாய்த்துவைக்க, மூத்தவர் சாவியைத் திருப்பினார். நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி மஞ்சளாக, இருக்கிறதா இல்லையா என்னும்படி வந்தது. கார்பரேட்டரிலோ பெட்ரோல் நிறைய இருந்தது. நோய் பெட்ரோலில் இல்லை; பொறியில் இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் கண்டென்சர் என்றொரு சிறு உருளை உண்டு. பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அங்கே தாவிப் பொறிந்துவிடாமல் அதை ஏற்றுக்கொண்டு, காயிலில் உயர் அழுத்தம் எழ வழிசெய்வது அதன் பணி. அது சூட்டில் சோர்ந்தால் பாயிண்டில் பொறி எழும், பிளக்கில் எழாது. ஆறியதும் தேறிவிடும். எங்கள் கண்டென்சர் புத்தம் புதியது. புதியது என்பதாலேயே அதை நாங்கள் சந்தேகப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தோம். அப்பாவின் கருவிப் பெட்டியில் கிடந்த பழைய கண்டென்சரைப் பூட்டினோம். நாற்பது நிமிடம் சூட்டிலேயே ஓடியது. நிற்கவில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சிறு வழக்கு நடந்தது. குணமாகிவிட்டதே, விட்டுவிடலாம் என்றார் இளையவர். புதிய கண்டென்சரை மறுபடி பூட்டி, நோய் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் மூத்தவர். “போன பேயை எதுக்குண்ணே கூப்பிடறே?” என்றார் தம்பி. ஆனால் பூட்டினார். பதினான்காவது நிமிடத்தில் வண்டி நின்றது. மறுபடி பழையது, மறுபடி ஓட்டம். காரணம் இதுதான் என்று இப்போது சொல்லலாம். ஒருமுறை குணமாவது தற்செயலாக இருக்கலாம். கூப்பிட்டால் வரும் நோயும், விரட்டினால் போகும் நோயும்தான் முழுக்கப் புரிந்துகொள்ளப்பட்டவை. அன்றுமுதல் ஒரு விதி செய்துகொண்டோம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. ஞாயிறு ஒன்றில் நான்கு பாகங்களை மாற்றிவிட்டு வண்டி சரியாகிவிட்டால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்; மறுபடி வந்தால் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

விளக்குகளின் கதை சுருக்கமானது, ஆனால் வேடிக்கையானது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். ஹாரன் அடித்தால் முன்விளக்கு நடுங்கும். கம்பிகள் அனைத்தும் புதியன, வரைபடத்தின்படியே இணைக்கப்பட்டவை. கோளாறு கம்பியில் இல்லை, கம்பி இல்லாத இடத்தில் இருந்தது. இத்தகைய வண்டிகளில் மின்சாரம் போவது கம்பியில், திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடல் வழியாக. ஹெரால்டின் உடலோ போல்ட்டால் இணைத்த துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கழற்றி, உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்து அழகாக இணைத்திருந்ததால், ஒவ்வொரு மூட்டிலும் பெயிண்ட் ஒரு தடையாக நின்றது. பழைய துருவேறிய வண்டியில் பாய்ந்த மின்சாரம், பளபளப்பான வண்டியில் தடுமாறிற்று. மூட்டுகளில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்டி, சட்டகத்தோடு செம்புப் பட்டைகளால் பிணைத்தோம். ஒரு பிற்பகலில் ஐந்து குறைகள் நீங்கின. பல நோய்களுக்கு ஒரே மூலம் இருப்பதும் உண்டு.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது கை சற்று நிதானிக்கிறது. பிற குறைகள் வண்டியை நிறுத்திவிடும். இது ஒன்றுதான் நிறுத்தாமல் விடும். எங்கள் வண்டியின் பிரேக் ஒற்றைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழி. எங்கே கசிந்தாலும் முழுவதும் போயிற்று. பிறகு கைபிரேக் மட்டுமே மிச்சம். இக்காலக் கார்களில் இருப்பதுபோல இரண்டாவது வழி கிடையாது. ஆகவே இடப்பக்கம் இழுப்பதைச் சிறு குறையாக எண்ண முடியவில்லை.

வண்டி இடப்பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தில் குற்றம் என்றே மனம் நினைக்கும். உண்மையில் இடது சரியாகப் பிடித்து, வலது பிடிக்காமல் போனாலும் இழுப்பு இடப்பக்கமே இருக்கும். காலியான ஒரு சாலையில் மெதுவாக ஓட்டி, பத்து முறை பிரேக் பிடித்து, உடனே இறங்கி டிரம்களின் அருகே கையை நீட்டிப் பார்த்தோம். இடது முன்டிரம் கொதித்தது. வலது முன்டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. உழைப்பவன் யார், சும்மா இருப்பவன் யார் என்பது தெளிவாயிற்று. வலது டிரம்மைக் கழற்றினோம். சக்கர சிலிண்டரின் பிஸ்டன் ஒன்று நகரவில்லை. அந்தச் சிலிண்டர் பல ஆண்டுகளாக ஏதோ ஒரு கடையில் பெட்டிக்குள் இருந்து, ‘புதியது’ என்ற பெயரோடு எங்களிடம் வந்தது. உள்ளே ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையமாகத் துரு பிடித்திருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் பாயை அழைத்துவந்தோம். ஹெரால்டுகள் ஊரில் ஓடிய நாளில் அவற்றுக்கு வேலை பார்த்தவர், எண்பதை நெருங்குகிறார், இப்போது ஸ்பேனர் பிடிப்பதில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வலது சிலிண்டரை மட்டும் மாற்றிவிடலாமா என்று கேட்டபோது தலையசைத்து மறுத்தார். “ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போடுவீங்களா தம்பி? ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்துங்க. ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க. அம்மாவ ஏத்தப் போறீங்கன்னு சொன்னீங்கள்ல?” அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்ற எங்கள் விதி இங்கே செல்லாது என்பதை அவர் அந்தக் கேள்வியிலேயே வைத்துவிட்டார். காரணத்தை அறியும் வரை ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். அறிந்த பிறகு, உயிர் தொடர்பான இடத்தில், சிக்கனம் கூடாது.

நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களும் ஹோஸ்களும் மாறின. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, முறையே அருகில் வந்து, குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றினோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். “மிதி”, “பிடி”, “விடு” என்ற மூன்று சொற்களைத் தவிர அன்று பகல் முழுவதும் நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பேசிய பல ஞாயிறுகளைவிட நெருக்கமான ஞாயிறு அது. 950ஆம் குறள் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவனையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளில் ஒன்றாக வைப்பதன் பொருள் கொட்டகையில் படுத்துக்கிடந்தபோது நன்றாகவே விளங்கியது. கீழே கிடப்பவன் சொல்லும்வரை காலை எடுக்காமல் இருப்பதும் ஒரு வித்தைதான்.

இனி, குறைகள் அல்லாத குறைகள். பத்தொன்பதில் நான்கை நாங்கள் சரிசெய்யாமலே அடித்துவிட்டோம். முதல் கியர் ஓடும்போது போட்டால் நறநறக்கிறது என்று ஒன்று. ஹெரால்டில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்ற பிறகே போட வேண்டும். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் தூக்கிக்கொள்வது போலிருக்கிறது என்று மற்றொன்று. பின் அச்சு இரண்டு பாதிகளாக ஊசலாடும் வகை. குறுக்கே ஒரே பட்டை வில். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவின் நடுவில் திடீரெனக் காலை எடுக்கலாகாது. மற்ற இரண்டும் ஒலிகள். இவை நோய்கள் அல்ல, இயல்புகள். இக்கால வண்டியோட்டிப் பழகிய கைக்கும் காதுக்கும் குற்றமாகத் தெரிந்தவை. பழைய நூலைப் படிக்கும் மாணவன் தனக்குப் பழக்கமில்லாத புணர்ச்சியையெல்லாம் அச்சுப்பிழை என்று வட்டமிடுவதைப் பார்த்திருக்கிறோம். குணத்தைக் குற்றமென்று எண்ணித் திருத்தப் போனால் வண்டியும் கெடும், பாடமும் கெடும். மனிதர்கள் விஷயத்தில் இதைச் சொல்லத் தேவையில்லை.

குறையா குணமா என்று எளிதில் பிரிக்க முடியாதவையும் உண்டு. முன்சக்கரத்தில் ‘டக்’கென்று ஓர் ஒலி கேட்டது. சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் ட்ரனியன் என்றொரு பித்தளை மூட்டு இருக்கிறது. அதற்குக் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும், கிரீஸ் அடிக்கலாகாது. கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மூட்டு வறண்டு தேய்ந்து ஒருநாள் முறியலாம். வண்டியின் இயல்பு இது. ஆனால் அறியாமல் விட்டால் நோயாகிவிடும் இயல்பு. எண்ணெய் ஊற்றினோம், ஒலி குறைந்தது, முற்றும் போகவில்லை. நோட்டில் அது இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு.

மூன்று மாத முடிவில் கணக்கு இது: பத்தொன்பதில் நான்கு குணம், பன்னிரண்டு குணமானவை, மூன்று மிச்சம். மிச்சத்தில் எதுவும் பிரேக்கைச் சேர்ந்ததன்று. கபிஸ்தலம் வரை இரண்டு முறை, திருவையாறு வரை ஒருமுறை இருவர் மட்டும் போய்வந்தோம். நின்ற இடமெல்லாம் இறங்கி டிரம்களின் அருகே கையை நீட்டிப் பார்த்தோம். நான்கும் ஒத்த சூட்டில் இருந்தன. அதன்பிறகே அம்மாவிடம் “போகலாம்” என்று சொன்னோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுமுன், அம்மா பின்னிருக்கையில் அப்பா எப்போதும் சொல்லும் இடத்தில், இடது ஜன்னலோரம் உட்கார்ந்தார். போகும் வழியெல்லாம் எங்கள் கண்கள் முள்ளிலும் காதுகள் முன்சக்கரத்திலும் இருந்தன. அவர் கொள்ளிடக் கரையின் மூங்கில்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் திருப்பத்தில் ஓர் ஆட்டுக் கூட்டம் குறுக்கே வர, இளையவர் பிரேக்கை மிதித்து ஹாரன் அடித்தார். வண்டி நேராக நின்றது.

அம்மா முதன்முறையாக வாய் திறந்தார். “அப்பா அடிச்சா ரெண்டு சத்தம் சேர்ந்து கேக்கும். இப்ப ஒண்ணுதான் கேக்குது.”

சாமி கும்பிட்டுத் திரும்பிய பிறகு மூடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். இரண்டு ஹாரன்களில் ஒன்று ஊமையாகத்தான் இருந்தது. அதை நாங்கள் இருவரும் மூன்று மாதமாகக் கேட்டும் கேட்கவில்லை. நோட்டில் ‘கண்டது’ என்ற பக்கத்தில் இருபதாவதாக அதை எழுதியிருக்கிறோம். ‘கருதியது’ என்ற பக்கம் இதுவரை வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.